கில்டே கூண்டோடு வேற கேமுக்குப் போவது ஏன்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் கில்டு, அதாவது சேர்ந்து ஆடுகிற குழு, நடத்துகிறாராம், ஒரு சமயம் நாற்பது பேர் வரை இருந்தார்களாம். பொங்கலுக்கு அப்புறம் ஒவ்வொருத்தராக வருவது குறைந்து, இப்போது பாதிப்பேர் பிஜிஎம்ஐ (பழைய பப்ஜி) பக்கம், சிலர் கிளாஷ் ஆஃப் கிளான்ஸில், மிச்சப்பேர் எங்கே என்றே தெரியவில்லை. “கேம் நல்லாத்தான் இருக்கு, அப்டேட்டும் ஒழுங்கா வருது, அப்புறம் ஏண்ணா போறாங்க? நான் தலைவரா சரியில்லையா?” என்று முடித்திருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. நான் சில வருடம் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில், ஆடுகிறவர்கள் எப்போது வருகிறார்கள், எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்று பார்க்கிற பிரிவில் இருந்தேன், இப்போது பாலக்கோட்டில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் எனக்குப் பட்டது ஒன்றுதான்: கூட்டாக ஆடுகிற கேமை விடுகிறவர்களில் பலர் அந்தக் கேமை வெறுத்து விடுவதில்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு “வாடா, லாபில இருக்கேன்” என்று, ஆட்டத்துக்கு முன் கூடுகிற இடத்துக்குக் கூப்பிடுகிறவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டதால் விடுகிறார்கள். கேட்டால் “போர் அடிக்குது” என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே நம்பித்தான் கம்பெனிகள் புது மேப், புது துப்பாக்கி, புது டிரஸ் என்று கொட்டுகின்றன, போனவன் திரும்ப மாட்டேன் என்கிறான்.

இதை ஆராய்கிறவர்கள் கையில் வைத்திருக்கிற கோட்பாடு கேமுக்காக உண்டானதே இல்லை. மனிதர்கள் ஏன் ஊர் விட்டு ஊர் போகிறார்கள் என்று 1885இல் ராவன்ஸ்டைன் எழுதினார், 1966இல் எவரெட் லீ அதை விரித்தார். இருக்கிற இடம் தள்ளுகிறது, போகிற இடம் இழுக்கிறது, நடுவில் தடைகள். 1995இல் மூன் என்பவர், ஆளைக் கட்டிப்போடுகிற சமாச்சாரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். 2005இல் பன்சல், டெய்லர், செயின்ட் ஜேம்ஸ் மூவரும் வாடிக்கையாளர்கள் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போவதற்கும் இதே சட்டகத்தைப் போட்டுப் பார்த்தார்கள், அதற்கப்புறம் செயலிகளுக்கும் கேம்களுக்கும் அது வந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை இல்லை, போர்வெல் வற்றிவிட்டது, அது தள்ளுகிறது. ஓசூரிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளம், அது இழுக்கிறது. அரை ஏக்கர், ரெண்டு மாடு, வயசான அம்மா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இவை கட்டிப்போடுகின்றன. இத்தனையையும் மீறிக் கிளம்புகிறவன் எந்த ஊருக்குப் போகிறான் என்று பாருங்கள். சம்பளம் அதிகமாகத் தருகிற ஊருக்கா போகிறான்? மச்சான் ஏற்கெனவே போய் ரூம் எடுத்து வைத்திருக்கிற ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறான். கேமில் நடப்பதும் அதேதான், உங்கள் கில்டிலிருந்து பிஜிஎம்ஐக்குப் போனவர்களில் முதலில் போனது யார் என்று தேடினால் ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள், மற்றவர்கள் அவர்கள் பின்னால் போனவர்கள்.

நம் நாட்டில் பெரிய தள்ளு கேமுக்கு உள்ளிருந்து வரவில்லை, டெல்லியிலிருந்து வந்தது. 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளுக்குத் தடை. டிக்டாக் போனதுதான் எல்லாருக்கும் ஞாபகம், ஆனால் அதே பட்டியலில் மொபைல் லெஜெண்ட்ஸும் கிளாஷ் ஆஃப் கிங்ஸும் இருந்தன. செப்டம்பர் 2 அன்று அடுத்த பட்டியல், 118 செயலிகள், அதில் பப்ஜி மொபைல். 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலை கடைசியில் அதுவும் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. இடையில் 2022 பிப்ரவரி 14 அன்று 54 செயலிகளுக்குத் தடை, அதில் ஃப்ரீ ஃபயரும் ஒன்று. இவ்வளவு தூரம் ஆட்டக்காரர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய நாடு அதிகம் இருக்காது. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல களமும் கிடைக்காது, ஏனென்றால் தள்ளு எல்லாருக்கும் ஒரே நாளில் விழுந்தது, யார் எங்கே போய் விழுந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஃப்ரீ ஃபயர் போனபோது பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் 2021 செப்டம்பரிலேயே வந்திருந்தது, தடைப் பட்டியலில் அது இல்லை, பழைய ஐடி அப்படியே அதில் திறந்தது. நண்பர்கள், டயமண்ட் என்கிற கேம் காசு, டிரஸ் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பையன்கள் சாயங்காலமே இறக்கிக்கொண்டு ஆடப் போய்விட்டார்கள், அதை “மாறினோம்” என்றுகூட யாரும் சொல்லவில்லை. பிஜிஎம்ஐ வந்தபோது அதன் கம்பெனியும் இதைப் புரிந்து வைத்திருந்தது. பழைய பப்ஜி கணக்கில் இருந்த சாமான்களைப் புதியதற்குக் கொண்டுவரக் கொஞ்ச காலம் வழி திறந்து வைத்தார்கள். பத்து மாதம் வேறு எங்கோ திரிந்துவிட்டு வந்தவனுக்குப் பழைய ஸ்கின் (அலங்காரம்) போட்ட துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் எங்கே போவான்?

ஃபௌஜி கதை இதற்கு நேர் எதிர். பெங்களூர் கம்பெனி, பப்ஜி இல்லாத நேரம், சுதேசி கேம் என்ற விளம்பரம், 2021 ஜனவரி 26இல் வெளியீடு, இறக்குவதற்கு அடிதடி. இழுக்கிற காரணம் எதுவும் குறைவில்லை. ஆனால் வந்த நாளில் அதில் இருந்தது தனியாக ஆடுகிற கதைப் பகுதி மட்டும்தான், நாலு பேர் சேர்ந்து குதிக்கிற ஆட்டம் இல்லை. கூட ஆட ஆள் இல்லாத இடத்தில் கூட்டமாக வந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு வாரம் பார்த்துவிட்டு அழித்துவிட்டார்கள். பின்னால் குழு ஆட்டம் சேர்த்தார்கள், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கிராஃபிக்ஸ் மட்டம், கண்ட்ரோல் மட்டம் என்று அன்றைக்கு எழுதினார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லூடோ கிங்கின் கிராஃபிக்ஸைப் பார்த்தா 2020 லாக்டவுனில் வீடு வீடாக அதை ஆடினார்கள்?

தடை எல்லாம் அபூர்வமான சங்கதி. தினப்படி ஆட்களை நகர்த்துவது வேறு, அதைப் பார்க்க என் கடைக்கு வெளியே இருக்கிற பெஞ்சே போதும். நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேர் லாபியில் தயாராக இருப்பார்கள், நாலாவது ஆளின் போனில் அந்த லோடிங் கோடு முக்கால்வாசியில் நிற்கும். ஓரம் உடைந்த கண்ணாடி, 2 ஜிபி ராம், பின்மூடியைத் தொட்டால் சுடும். “வந்துட்டேன், வந்துட்டேன்” என்பான். விமானத்திலிருந்து மூன்று பேரும் குதித்து, கொள்ளையடித்து, ஒரு சண்டையே முடித்திருப்பார்கள், அப்போதுதான் இவன் திரையில் மரங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். இந்தப் பையனை விட்டுவிட்டு ஆடலாமே என்று உங்களுக்குத் தோன்றும், அவர்கள் விடமாட்டார்கள். அவன் போனில் ஓடுகிற கேமுக்கு மற்ற மூவரும் இறங்கி வருவார்கள். ஒரு செட்டு எந்தக் கேம் ஆடுகிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தச் செட்டில் மட்டமான போன் வைத்திருக்கிறவன்தான். ஃப்ரீ ஃபயர் நம் பக்கம் இப்படிப் பரவியதற்குக் காரணம் அதுதான்: ஐம்பது பேர், பத்து நிமிட ஆட்டம், சாதாரணப் போனிலும் ஓடும். பப்ஜியில் நூறு பேர், அரைமணி நேரம், போன் கொஞ்சம் நல்லதாக வேண்டும்.

அப்படியானால் அந்த நாலாவது பையன் புதுப் போன் வாங்கினால் என்ன ஆகும்? செட்டே நகரும். தீபாவளி போனஸ், இல்லை ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் ஆறு மாதம், தவணையில் ஒரு 5ஜி போன். பழைய போனில் ஓடாத கேமை முதலில் இறக்குவான், “இதுல போலாம்டா” என்பான், மற்றவர்கள் இத்தனை நாள் அவனுக்காக இறங்கி இருந்தவர்கள், இப்போது தடை இல்லை. உங்கள் கில்டில் பிஜிஎம்ஐ போனவர்களில் எத்தனை பேர் சமீபத்தில் போன் மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

டேட்டாவும் சேர்த்தி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று பேக் போட்டவன் சாயங்காலம் வரை ரீல்ஸ் பார்த்தால் ராத்திரி ஆட மிச்சம் இருக்காது. அப்புறம் ஒருத்தன் ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர், பிங் (நெட் தாமதம்) சிவப்பாகும், சுட்டது படாது, செத்துப்போவான், “கேம் வேஸ்ட்டு” என்பான். அஞ்செட்டி, சித்தேரி பக்கத்து மலைக் கிராமங்களில் சிக்னல் பிடிக்க ஏரிக்கரை மேட்டுக்கு வருகிறவர்களுக்கு நேரலைக் கேமே ஒத்துவராது. பாவம், அவர்கள் கேமை மாற்றுவது ரசனையால் அல்ல.

பொங்கலுக்கு அப்புறம் என்று நீங்கள் எழுதியதில்தான் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. ஜனவரி கடைசியிலிருந்து உங்கள் பக்கம் எருது விடும் விழா ஊருக்கு ஊர் நடக்கும், பையன்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். அது முடிவதற்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிடும், வீட்டில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். ஏப்ரலில் திரும்ப வருகிறவன் எங்கே வருவான்? இரண்டு மாதம் ஆடாததால் ராங்க் கீழே போயிருக்கும், சீசன் மாறியிருக்கும், பாஸ் காலாவதி ஆகியிருக்கும், கில்டில் வாராந்திரப் புள்ளி எடுக்கவில்லை என்று யாராவது அவனை நீக்கியும் இருப்பார்கள். திரும்பி வர வேண்டிய இடமே இல்லை, அப்படியானால் புது இடத்துக்குப் போனால் என்ன? ஆட்கள் கேமை விடுவது நடு ஆட்டத்தில் இல்லை, இப்படி ஏதாவது ஒரு இடைவெளியில். சீசன் முடிவு, பரீட்சை, போன் மாற்றம், தினமும் விடாமல் லாகின் செய்த நாள் கணக்கு ஒரு நாள் அறுந்துபோவது.

கடையில் நான் அடிக்கடி பார்க்கிற இன்னொரு இடைவெளி உண்டு. போன் ஹேங் ஆகிறது, ரீசெட் போட்டுக் கொடுங்கள் என்று கொண்டுவருவார்கள். நான் முதலில் கேட்பது, “கேம் எதுல லாகின் பண்ணிருக்கே?” பாதிப்பேர் கெஸ்ட் ஐடியில் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஃபேஸ்புக்கோ கூகுளோ எதிலும் சேர்த்திருக்க மாட்டார்கள். ரீசெட் போட்டால் இரண்டு வருட லெவல் போயே போச்சு. அதைச் சொன்னதும் முகம் மாறும் பாருங்கள். 2022இல் பிஜிஎம்ஐ ஸ்டோரிலிருந்து போனபோது, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்ச காலம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த நாட்களில் டச் பாதி செத்த போனைக்கூட ரீசெட் போட விடமாட்டேன் என்று ஒருவர் வைத்துக்கொண்டு திரிந்தார். கட்டிப்போடுகிற கயிறு என்றால் இதுதான். ஐடி போனவன் மறுபடி ஒன்றாம் லெவலில் இருந்து அதே கேமைத் தொடங்குவது எனக்குத் தெரிந்து அபூர்வம், முதலிலிருந்து தொடங்குவது என்றால் வேறு கேமிலேயே தொடங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

செலவு செய்த காசும் கயிறுதான், ஆனால் நினைக்கிற அளவுக்குப் பலமான கயிறு இல்லை. டயமண்ட் வாங்கி எடுத்த டிரஸ், ராயல் பாஸில் எடுத்த ஸ்கின், இதெல்லாம் யாராவது பார்த்து “எப்படா எடுத்தே?” என்று கேட்கத்தான். செட்டு போய்விட்ட லாபியில் தனியாக நின்றால் அந்த டிரஸ்ஸை யாருக்குக் காட்டுவது? அப்போது அடுத்த யோசனை வரும், ஐடியை விற்றுவிடலாம் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேம் விதியிலேயே கூடாது என்றிருக்கிறது, அது ஒரு பக்கம். காசு வாங்காமல் பாஸ்வேர்டு கொடுத்து ஏமாறுவதும், காசு கொடுத்து வாங்கிய ஐடியை பழைய ஆள் ரெக்கவரி போட்டுத் திருப்பிக்கொள்வதும் நம் பக்கம் சகஜமாக நடக்கிறது. போலீசில் போய் என்னவென்று சொல்வீர்கள்?

காசு வைத்து ஆடுகிற ரம்மி வகையறாவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே ஆள் நிற்பதும் போவதும் வேறு நோய், 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே போட்டு அதை மூடிவிட்டது.

இனி கிளாஷ் ஆஃப் கிளான்ஸுக்குப் போனவர்கள். இவர்களைப் புரிந்துகொள்ள அவர்கள் வேலையைப் பாருங்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வாரா வாரம் மாறும். இந்த வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து ராத்திரி. உங்கள் கில்டு ஒன்பது மணிக்குக் கூடும்போது ஒருத்தன் லைனில் நின்று போல்ட்டு முடுக்கிக்கொண்டிருப்பான், போன் லாக்கரில் இருக்கும். முதல் வாரம் “சாரி ப்ரோ, டூட்டி” என்று போடுவான், மூன்றாவது வாரம் அதுவும் போட மாட்டான், வெட்கம். நேரத்துக்கு ஆள் வேண்டும் என்கிற கேம் அவனுக்கு இனி சரிப்படாது. கிளாஷ் 2012இலிருந்து இருக்கிறது, அதன் கிளான் போரில் (கூட்டத்துக்குக் கூட்டம் மோதுவது) சண்டை நாள் 24 மணி நேரம், ஆளுக்கு இரண்டு தாக்குதல், எந்த நேரத்தில் வந்து அடித்தாலும் சரி. விடியற்காலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தாக்குதல் போட்டுவிட்டுத் தூங்கலாம். அதிலும் படை தயாராகிற வரை காத்திருக்க வேண்டிய தொல்லை முன்பு இருந்தது, 2025 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். அவர்கள் உங்கள் கேமை விட்டுப் போகவில்லை, உங்கள் ஒன்பது மணியை விட்டுப் போனார்கள்.

சொல்லாமல் போகிற இன்னொரு கூட்டம் உண்டு, மைக்கால் போகிறவர்கள். ரேண்டம் ஸ்குவாடில் சேர்ந்தால் ஒருத்தன் இந்தியில் கத்துவான், ஒருத்தன் தெலுங்கில், நம் எல்லையோரப் பையன்கள் தெலுங்கையும் கன்னடத்தையும் சமாளித்துக்கொள்வார்கள், ஆனால் அவசரத்தில் “பின்னாடி, பின்னாடி, பாறைக்குப் பின்னாடி” என்று தமிழ்தானே வாயில் வரும். தமிழ் கில்டுக்கு ஆட்கள் வருவதே இதற்குத்தான். அதே தமிழ் மைக்கில் கெட்ட வார்த்தை வந்தால் முதலில் போகிறவர்கள் பெண்பிள்ளைகள். உங்கள் கில்டில் பெண்கள் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆண் பெயரில் ஐடி வைத்து, மைக்கை அணைத்து, செய்தி மட்டும் தட்டுகிற ஒன்றிரண்டு பேர் நிச்சயம் இருந்திருப்பார்கள். கிருஷ்ணகிரியில் கல்லூரிப் படிப்பு முடித்த ஒரு பெண் என் கடைக்கு வருவார், நன்றாக ஆடுவார், ஒரு நாள் தவறி மைக் திறந்து குரல் கேட்டுவிட்டது, அன்றிலிருந்து நம்பர் கேட்டே தொல்லை. கேமை அழித்துவிட்டு இப்போது கேரம் பூல் ஆடுகிறார். இந்த மாதிரிப் போகிறவர்கள் காரணம் எழுதிவிட்டுப் போவதில்லை, கம்பெனி அனுப்புகிற கேள்விப் படிவத்தில் “ஆர்வம் இல்லை” என்று டிக் அடிப்பார்கள்.

யூடியூபர்கள் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். தமிழில் லைவ் போடுகிறவர் ஒருவர் ஒரு வாரம் புதுக் கேம் ஆடினால் ஊர்ப் பையன்கள் எல்லாம் இறக்கிப் பார்க்கிறார்கள், அது உண்மை. அமங் அஸ் 2018இல் வந்து இரண்டு வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, 2020இல் லைவ் போடுகிறவர்கள் கையில் எடுத்ததும் உலகமெல்லாம் பரவியது. ஆனால் இறக்கிப் பார்ப்பது வேறு, குடியேறுவது வேறு. ஸ்ட்ரீமர் சொல்லிப் போனவன் தனியாகப் போயிருந்தால் பத்து நாளில் திரும்பிவிடுவான்.

மாறவே மாறாதவர்களையும் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பாப்பிரெட்டிப்பட்டியில் என் சித்தி 2020 லாக்டவுனிலிருந்து லூடோ கிங் ஆடுகிறார். எதிராளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன். ராத்திரி சாப்பாடானதும் ரூம் கோடு அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார், காய் வெட்டுகிற சாக்கில் சாப்பிட்டாயா, சளி தேவலையா, எப்போது ஊருக்கு வருகிறாய் என்று எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிடுவார். நேராகப் போன் செய்தால் மகன் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவான், ஆட்டத்தில் என்றால் அரைமணி நேரம் மாட்டிக்கொள்வான் என்பது சித்தியின் கணக்கு. அவருக்கு அழகான புதுக் கேம் எதையாவது காட்டி மாற்றிப் பாருங்களேன். கேண்டி கிரஷ் ஆடுகிறவர்களும் இப்படித்தான் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஐந்து உயிர், ஒன்று போனால் அரைமணி நேரத்துக்கு ஒன்று வரும், அவசரம் என்றால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கலாம். அந்தக் கேட்டு வாங்குகிற ஏற்பாட்டை வைத்தவன் கெட்டிக்காரன்.

சரி, உங்கள் கில்டுக்கு என்ன செய்யலாம். எல்லாருக்கும் பொதுவாக “ஆக்டிவா இருங்க ப்ரோ” என்று குழுவில் போடுவதை முதலில் நிறுத்துங்கள், போனவன் அதைப் பார்த்து வரமாட்டான், இருக்கிறவனுக்குத்தான் எரிச்சல். உங்கள் நாற்பது பேரில் மற்றவர்களைக் கூப்பிடுகிற ஆட்கள் மூன்று நாலு பேர் இருப்பார்கள், நன்றாக ஆடுகிறவர்கள் என்று அர்த்தம் இல்லை, வாய் ஓயாதவர்கள், கஸ்டம் ரூம் போட்டு ஆள் சேர்ப்பவர்கள். அவர்களைத் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். “ஏன் வரல” என்று கேட்காதீர்கள், அதற்கு “போர் அடிக்குது” என்றுதான் பதில் வரும். “இப்ப யார்கூட ஆடுற, எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். யார் போனார்கள் என்பதும் ஏன் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

ஏழு நாள் வராவிட்டால் நீக்கம் என்று விதி வைத்திருந்தால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையாவது தூக்கிவிடுங்கள். ஷிப்டுக்காரர்களுக்கு விடியற்காலை ஒரு கூட்டு, ஞாயிறு மதியம் ஒரு கூட்டு என்று இரண்டாவது நேரம் வையுங்கள், அதற்கு அவர்களில் ஒருவரையே துணைத் தலைவராகப் போடுங்கள், நீங்களே எல்லா நேரமும் முழித்திருக்க முடியாது. மைக்கில் கெட்ட வார்த்தை பேசுகிறவன் எவ்வளவு கில் எடுத்தாலும் வெளியே அனுப்புங்கள், அவன் ஒருத்தன் இருப்பதால் போகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியவே வராது. எல்லாரும் ஐடியை கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள், அது என் கடை வேலையையும் குறைக்கும்.

அப்புறம், பிஜிஎம்ஐ போனவர்களை வாட்ஸப் குழுவிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திரும்பச் சேருங்கள். வேற கேம் ஆடினால் என்ன, வாரத்தில் ஒரு நாள் அவர்கள் ரூமில் நீங்கள் போய் ஆடுங்கள், ஒரு நாள் அவர்களை இங்கே கூப்பிடுங்கள். ஸ்டோரேஜ் இருக்கிற போனில் இரண்டு கேம் வைத்துக்கொள்வதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. உங்களிடம் இருப்பது 2 ஜிபி ராம் போன் என்றால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், அந்த நாலு பேர் பெஞ்சில் யார் இறங்கி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு எந்தக் கேமை வைப்பது என்று முடிவு செய்யலாம்.